இன்டர்ஃபெரான் போட்டால் ஹெர்பீஸ் அடங்குமா?

பிறப்புறுப்பில் வரும் ஹெர்பீஸில் முதல் புண்ணைவிட மறுமுறை வரும் புண்தான் மனத்தை அதிகம் உலுக்கும். ஆறிப்போன இடத்திலேயே ஒரு குறுகுறுப்பு, பிறகு எரிச்சல், மறுநாள் கொத்தாக நான்கைந்து நீர்க்கொப்புளங்கள். இதற்கு முடிவே கிடையாதா என்று கைப்பேசியில் தேடத் தொடங்கினால் சீக்கிரமே கண்ணில் படும் பெயர்களில் ஒன்று இன்டர்ஃபெரான். ஊசி, ஜெல், ஆசனவாயில் வைக்கும் மருந்து எனப் பல உருவங்களில் அது வருகிறது. 'வைரஸை எதிர்க்க உடம்பே சுரக்கும் பொருள்' என்ற விளக்கமும் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் டாக்டரிடம் போனால் அவர் அந்தப் பெயரையே எடுப்பதில்லை. ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்.

நல்ல மருந்து ஒன்றை மறைக்கிறார்களா? இல்லை. இன்டர்ஃபெரானை ஹெர்பீஸ் மீது 1980களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அது ஏன் பின்தங்கியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்த வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது.

அக்கி வேறு, இது வேறு

தமிழில் ஹெர்பீஸ் என்றதும் பலர் 'அக்கி' என்று சொல்லிவிடுகிறார்கள். ஊரில் அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குப் போவார்கள். அவர் காவிமண்ணைக் குழைத்து, கொப்புளங்களின் மேல் சிங்கமோ வேறு உருவமோ எழுதி அனுப்புவார். அந்த அக்கி பெரும்பாலும் ஹெர்பீஸ் ஜாஸ்டர். சின்னம்மை உண்டாக்கிய வைரஸ் உடம்பிலேயே தங்கி, பல ஆண்டுகள் கழித்து விலாவிலோ முகத்திலோ ஒரு பக்கமாகப் பட்டைபோல் கிளம்புவது அது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் சில வாரங்களில் கொப்புளம் ஆறிவிடும், பெரும்பாலோருக்கு மறுபடி வராது. காவிமண்ணுக்குக் கிடைத்த நல்ல பெயருக்கு அதுதான் காரணம். இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

இங்கே பேசப்போவது அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ். அதில் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் உதட்டில் கொப்புளம் போடும். 'பல்லி எச்சம் பட்டது', 'உடம்புச் சூடு' என்றெல்லாம் நாம் சொல்லும் கொப்புளங்களில் பல இதுதான். இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிடிக்கும். வாய்வழி உறவால் முதல் வகையும் கீழே போகலாம். 15 முதல் 49 வயதுக்குள் உலகம் முழுவதும் 84.6 கோடிப் பேருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ் தொற்று இருப்பதாக, 2020ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது. அந்த வயதினரில் ஐந்தில் ஒருவருக்கும் மேல். அவர்களில் மிகப் பலருக்குத் தொற்று இருப்பதே தெரியாது.

வைரஸ் படுத்துக்கொள்ளும் இடம்

தோலில் தெரியும் புண் வைரஸின் வீடு அல்ல, வாசல் மட்டுமே. முதல் தொற்றின்போது வைரஸ் தோலிலுள்ள நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மேலேறி, முதுகெலும்பின் அடிப்பகுதிக்கு அருகிலுள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ச் சேர்கிறது. அங்கே நரம்பணுவின் உட்கருவுக்குள் தன் டிஎன்ஏவை வட்டமாகச் சுருட்டி வைத்துவிட்டு அமைதியாகிவிடுகிறது. அந்த நிலையில் அது புரதம் எதையும் தயாரிப்பதில்லை என்றே சொல்லலாம். எனவே நோய் எதிர்ப்பு அணுக்கள் பிடிப்பதற்கும் எதுவும் இல்லை, மருந்து தாக்குவதற்கும் எதுவும் இல்லை.

அவ்வப்போது விழித்து, வந்த நரம்பு வழியே இறங்கித் தோலுக்கு வருகிறது. காய்ச்சல், தூக்கமின்மை, மாதவிடாய், உரசல், மன உளைச்சல் என்று பலர் பல காரணம் சொல்வார்கள். சில நேரம் காரணமே தெரியாது. இரண்டாம் வகை தொற்றியவருக்கு முதல் ஆண்டில் சராசரியாக நான்கு தடவையாவது திரும்ப வரும். கீழே பிடித்தது முதல் வகையாக இருந்தால் ஆண்டுக்கு ஒரு தடவை வந்தாலே அதிகம். எந்த வகை என்று தெரிந்துகொள்வதில் இவ்வளவு பயன் இருக்கிறது. ஆனாலும் பலர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை.

புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலுக்கு வந்து போகும். இரண்டாம் வகை இருப்பவர்களிடம் தினமும் பஞ்சால் ஒற்றியெடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அறிகுறி உள்ளவர்களிடம் சுமார் 20 சதவீத நாள்களிலும், அறிகுறியே இல்லாதவர்களிடம் சுமார் 10 சதவீத நாள்களிலும் வைரஸ் கிடைத்தது. 'புண் இருந்தால்தானே தொற்றும்' என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது.

ஆக, 'அடக்கும் சிகிச்சை' என்றால் வைரஸை ஒழிப்பதல்ல. அது வாசலுக்கு வரும் நாள்களைக் குறைப்பது.

முட்டைச் சவ்வில் கண்ட தடை

1957இல் லண்டனின் மில் ஹில் ஆய்வுக்கூடத்தில் அலிக் ஐசக்ஸும் சுவிட்சர்லாந்துக்காரர் ஜான் லிண்டன்மனும் கோழி முட்டைக் கருவின் சவ்வுத் துண்டுகளைச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ வைரஸில் ஊறவைத்தார்கள். பிறகு கழுவி, புதிய திரவத்தில் வைத்தார்கள். அந்தத் திரவத்தை மட்டும் எடுத்து வேறு புதுச் சவ்வில் ஊற்றி, அதன்மேல் உயிருள்ள வைரஸை விட்டார்கள். வைரஸ் சரியாக வளரவில்லை. முதல் சவ்வு ஏதோ ஒரு பொருளைத் திரவத்தில் விட்டிருக்கிறது, அது அடுத்த சவ்வைக் காத்திருக்கிறது. வைரஸின் வேலையில் குறுக்கிடும் பொருள் என்பதால் இன்டர்ஃபெரான் என்று பெயர் வைத்தார்கள்.

இது வைரஸைக் கொல்லும் பொருள் அல்ல, ஓர் அபாயச் சங்கு. தாக்கப்பட்ட அணு சங்கை ஊதுகிறது, பக்கத்து அணுக்கள் கேட்டுக் கதவடைக்கின்றன. புரதம் தயாரிக்கும் வேலையை நிறுத்துகின்றன, ஆர்என்ஏவை வெட்டும் நொதிகளைத் தயார் செய்கின்றன. வைரஸுக்குத் தன்னைப் பெருக்கிக்கொள்ள அந்த அணுவின் பட்டறைதானே வேண்டும்? பட்டறையே மூடிக்கிடந்தால் அது என்ன செய்யும்?

மருந்தாக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கோழியின் இன்டர்ஃபெரான் மனிதருக்கு உதவாது, மனித அணுக்களிலிருந்தே எடுக்க வேண்டும். ஹெல்சிங்கியில் காரி கன்டெல், ரத்த வங்கிக்கு வந்த ரத்தத்தின் வெள்ளையணுக்களைப் பிரித்து, அவற்றில் ஒரு வைரஸை விட்டுத் தூண்டி, கசிந்ததைச் சேகரித்தார். அப்படிக் கிடைத்ததில் 1 சதவீதம்கூட உண்மையான இன்டர்ஃபெரான் இல்லை. 1980இல் சார்ல்ஸ் வைஸ்மன் குழுவினர் மனித இன்டர்ஃபெரான் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரிக்கக் காட்டிய பிறகே தாராளமாகக் கிடைத்தது. 1986இல் அமெரிக்காவில் அரிய வகை ரத்தப் புற்றுநோய் ஒன்றுக்கு அனுமதி. பின்னர் பிறப்புறுப்பு மருக்கள், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி. புதிய மாத்திரைகள் வரும்வரை ஹெபடைடிஸ் சி நோயாளிகள் பல மாதங்கள் நம்பியிருந்தது இந்த ஊசியைத்தான்.

பட்டியலில் பிறப்புறுப்பு மரு இருப்பதைக் கவனியுங்கள். அது வேறு வைரஸால் வருவது. மருவுக்குக் கிடைத்த அனுமதியைக் காட்டி ஹெர்பீஸுக்கு விற்பவர்கள் உண்டு.

ஹெர்பீஸ் மீது ஏவியபோது

1980களில் ஆய்வாளர்கள் இரண்டு வழியிலும் முயன்றார்கள். வாரத்துக்குச் சில முறை தோலுக்கடியில் ஊசி போட்டு, புண் வருவதைத் தடுக்கப் பார்த்தார்கள். வந்த புண்ணின் மேல் ஜெல்லாகத் தடவியும் பார்த்தார்கள். பலன் முற்றிலும் பூஜ்யம் என்று சொல்ல முடியாது. சில சோதனைகளில் புண் கொஞ்சம் சீக்கிரம் ஆறியது, வைரஸ் வெளிப்படும் நாள்கள் குறைந்தன. ஆனால் வழக்கமான சிகிச்சையாக அது நிலைக்கவில்லை. காரணங்கள் நான்கு.

1. சங்கு ஊதும் இடமும் வைரஸ் உறங்கும் இடமும் வேறு. இன்டர்ஃபெரான் நரம்பு முடிச்சில் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவைத் தொடுவதில்லை. மருந்தை நிறுத்தினால் வைரஸ் பழைய வழக்கத்துக்கே திரும்பும்.

2. ஹெர்பீஸுக்கு இந்தச் சங்கு புதிதல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விலங்குகளோடும் மனிதரோடும் ஒட்டி வாழ்ந்து பழகிய வைரஸ் குடும்பம் அது. இன்டர்ஃபெரான் பட்டறையை மூடச் சொன்னால், ஐசிபி 34.5 என்ற வைரஸ் புரதம் போய்ப் பட்டறையைத் திறந்துவிடுகிறது. ஐசிபி 0 என்ற இன்னொன்று, அணுவின் தற்காப்புப் புரதங்களைச் சிதைக்க ஏற்பாடு செய்கிறது.

3. பக்கவிளைவு. ஃப்ளூ வந்தால் உடம்பெல்லாம் அடித்துப் போட்டதுபோல வலிக்கிறதே, அந்த வலியில் பெரும்பங்கு உடம்பு சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்களால் வருவது. அதையே ஊசியில் ஏற்றினால் ஃப்ளூ இல்லாமலே ஃப்ளூ: குளிர், காய்ச்சல், தலைவலி, அசதி. வெள்ளையணுக்கள் குறையலாம், மனச்சோர்வும் வரலாம். ஆண்டுக்கு நான்கைந்து முறை சில நாள்கள் புண் வராமலிருக்க, வாரம் மூன்று நாள் காய்ச்சலோடு கிடப்பதா?

4. போட்டியாளர். இது தனிக் கதை.

பூச்சரத்தில் ஒரு முடிச்சு

பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் கெர்ட்ரூட் எலியன் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்தது அசைக்ளோவிர். எலியன் முனைவர் பட்டப் படிப்பை முடிக்காதவர். 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அமெரிக்காவில் களிம்பு 1982இலும், விழுங்கும் மருந்து 1985இலும் வந்தன. இன்டர்ஃபெரான் ஊசியைச் சோதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்!

அசைக்ளோவிரின் சாமர்த்தியம் இதுதான். விழுங்கும்போது அது வேலை செய்யாத பொருள். ஹெர்பீஸ் வைரஸிடம் தைமிடின் கைனேஸ் என்ற நொதி இருக்கிறது. அது தொட்டால்தான் மருந்து விழிக்கும். அதாவது வைரஸ் இருக்கும் அணுவுக்குள் மட்டும் மருந்து செயல்படுகிறது, நல்ல அணுக்களைப் பெரும்பாலும் சும்மா விட்டுவிடுகிறது. விழித்த மருந்து, டிஎன்ஏ கட்டப் பயன்படும் ஒரு துண்டைப்போலவே வேடமிட்டு நிற்கும். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் சரம் கட்டுபவரிடம், காம்பே இல்லாத ஒரு பூ கைக்கு வந்தால் எப்படியோ அப்படி. அதை வைத்துவிட்டால் அடுத்த பூவைக் கட்டப் பிடி கிடையாது, சரம் அங்கேயே நின்றுவிடும். வைரஸின் டிஎன்ஏவும் அப்படித்தான் பாதியில் நிற்கிறது.

ஊர் முழுக்கச் சங்கு ஊதுவதற்கும் திருடன் நுழைந்த வீட்டில் மட்டும் விளக்கு எரிவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளலாம். காய்ச்சலும் இல்லை, ஊசியும் இல்லை.

அசைக்ளோவிரில் ஒரு குறை: விழுங்கியதில் 15 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். அதைச் சரிசெய்ய வந்தது வாலசைக்ளோவிர். அது உடம்புக்குள் போய் அசைக்ளோவிராக மாறும், பாதிக்கு மேல் ரத்தத்தில் சேரும். ஃபாம்சைக்ளோவிர் இன்னொன்று. இவற்றை உட்கொள்வதில் இரண்டு முறை உண்டு.

புண் வரும்போது மட்டும் சில நாள் எடுப்பது ஒன்று. முதல் குறுகுறுப்பிலேயே தொடங்க வேண்டும், கொப்புளம் உடைந்த பிறகு தொடங்கினால் பெரிய லாபமில்லை.

தினமும் எடுப்பது இன்னொன்று. இதுதான் அடக்கும் சிகிச்சை. வழக்கமான அளவு அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை. அடிக்கடி வருபவர்களுக்குப் புண் வரும் தடவைகள் 70 முதல் 80 சதவீதம் குறைகின்றன. துணைக்குத் தொற்றுவதும் குறைகிறது. ஒருவருக்கு மட்டும் இரண்டாம் வகை இருந்த 1,484 இணைகளை எட்டு மாதம் கவனித்த ஆய்வு 2004இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களின் துணைகளில் 1.9 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களின் துணைகளில் 3.6 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. ஏறக்குறையப் பாதி. ஆணுறையையும் சேர்த்தால் இன்னும் நல்லது. ஆனால் தொற்றே பரவாது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். நீரிழிவும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர் அதை டாக்டரிடம் தாமாகவே சொல்லிவிடுவது நல்லது. மருந்துக்கு வைரஸ் பழகிப்போகுமே என்ற பயம் பலருக்கு உண்டு. நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவர்களிடம் அப்படி நேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு.

'எனக்குக் கேட்டதே' என்பவர்களுக்கு

ரஷ்யாவில் இன்டர்ஃபெரான் ஆசனவாய் வழி மருந்தாகவும், சீனாவில் ஜெல்லாகவும் இன்றும் விற்பனையில் உள்ளது. பயன்படுத்தியவர்கள் 'ஆறு மாதமாக வரவில்லை' என்று மனதாரச் சொல்கிறார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. இப்போது காவிமண்ணுக்குத் திரும்புவோம்.

ஹெர்பீஸ் தானாக வந்து தானாகப் போகும். முதல் ஆண்டில்தான் அதிகம் வரும், வருடம் போகப் போகத் தானே குறையும். ஒருவர் புது மருந்தை எப்போது தேடுவார்? அடுத்தடுத்து மூன்று முறை வந்து நொந்துபோன மாதத்தில். அந்த உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தான் இயல்பு. அந்த இறக்கத்தின் தொடக்கத்தில் எதைத் தடவியிருந்தாலும், வேப்பிலை அரைத்துப் போட்டிருந்தாலும், புகழ் அதற்கே போகும்.

அதனால்தான் இந்த நோயில் தனி அனுபவத்துக்கு மதிப்புக் குறைவு. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோலத் தோற்றமளிக்கும், மருந்தே இல்லாத போலி, யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது என்ற ஏற்பாட்டில் சோதித்தால்தான் உண்மை வெளிவரும். உடம்பையே இன்டர்ஃபெரான் சுரக்கத் தூண்டும் ரெசிக்விமாட் ஜெல்லுக்கு நடந்ததைப் பாருங்கள். சிறிய சோதனையில் ஹெர்பீஸ் திரும்புவதைத் தள்ளிப்போடுவதுபோல் நம்பிக்கை தந்தது. பெரிய சோதனையில் வெறும் ஜெல்லைவிட மேலாக அதனால் நிற்க முடியவில்லை. அசைக்ளோவிர் வகை மாத்திரைகள் இந்தக் கண்டிப்பான சோதனையில் திரும்பத் திரும்பத் தேறியவை. தேறிய மருந்து மலிவாகக் கையில் இருக்கும்போது, தேறாததை ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பதே என் கேள்வி.

பார்சல் பெட்டியில் ஒரு புரதம்

இணையத்தில் வாங்குவதில் இன்னொரு சிக்கல். இன்டர்ஃபெரான் ஒரு புரதம். பொதுவாக 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. மேல்நாட்டுக் கிடங்கிலிருந்து கிளம்பி, லாரியில் காய்ந்து, புளோக்கின் கீழே உள்ள பார்சல் லாக்கரில் பிற்பகல் முழுவதும் கிடந்துவிட்டு, இரவு வேலை முடிந்து வருபவர் கைக்குச் சேரும்போது குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். வெந்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பழையபடி ஆக்க முடியாது. வெப்பத்தில் கெட்டுப்போன புரதத்தின் நிலையும் அதுதான். அதை ஃப்ரிட்ஜில் வைப்பதால் பயனில்லை. குழாயில் உண்மையில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. இணையத்தில் வாங்கும் மருந்துகளில் அறிவிக்கப்படாத பொருள்கள் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது.

சிங்கப்பூரில் செய்ய வேண்டியது

பால்வினை நோய்களுக்கென்றே கிளந்தான் லேனில் டிஎஸ்சி கிளினிக் இருக்கிறது. நேஷனல் ஸ்கின் சென்டரைச் சேர்ந்தது. ஜாலான் புசாருக்குப் பக்கம், தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பாலிகிளினிக்கிலோ பேட்டை டாக்டரிடமோ காட்டினாலும் போதும்.

வெளிநாட்டு ஊழியர்களிடம் ஒரு பயம் உண்டு, தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. ஒர்க் பெர்மிட் மருத்துவப் பரிசோதனையில் தேடும் தொற்றுகள் காசநோய், எச்ஐவி, சிஃபிலிஸ், மலேரியா. ஹெர்பீஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தப் பயத்தால் டாக்டரிடம் போகாமல் குழாய் ஜெல்லை நம்புவதால் ஏற்படும் நஷ்டம் பெரிது. ஏனென்றால் எல்லாப் புண்ணும் ஹெர்பீஸ் அல்ல. சிஃபிலிஸ் புண்ணும் அதே இடத்தில்தான் வரும், அது வலிக்காது, தானே ஆறியதுபோல் மறைந்து உள்ளே வேலை செய்யும்.

கர்ப்பிணிகள் கட்டாயம் சொல்ல வேண்டும், கணவருக்கு மட்டும் இருந்தாலும்கூட. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் முதன்முதலாகத் தொற்றினால்தான் பிரசவத்தில் குழந்தைக்கு ஆபத்து மிக அதிகம். பழைய தொற்று திரும்ப வருபவர்களுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. அதையும் குறைக்க 36ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்பது வழக்கம்.

அறிகுறியே இல்லாதவர், 'எதற்கும் இருக்கட்டும்' என்று ரத்தப் பரிசோதனை எடுப்பதால் குழப்பமே மிஞ்சும். இல்லாததை இருப்பதாகக் காட்டும் தவறுகள் அதில் உண்டு. முதல் வகைக்கு எதிர்ப்பொருள் இருந்தால், அது சின்ன வயதில் உதட்டில் வந்ததா, கீழே வந்ததா என்று அந்த முடிவு சொல்லாது. அமெரிக்காவின் தடுப்பு மருத்துவ வல்லுநர் குழு இந்தப் பொதுப் பரிசோதனை வேண்டாம் என்று 2016இல் சொல்லி, 2023இலும் அதையே உறுதிப்படுத்தியது.

நம்பகமானது புண்ணிலிருந்தே பஞ்சால் ஒற்றியெடுத்துச் செய்யும் பிசிஆர் பரிசோதனை. எந்த வகை என்பதையும் அது சொல்லிவிடும். அதற்குக் கொப்புளம் புதிதாக இருக்க வேண்டும். ஆகவே அடுத்த முறை குறுகுறுப்பு தொடங்கினால், ஞாயிறு வரட்டும் என்று தள்ளிப்போடாமல், முதல் இரண்டு நாளுக்குள் எம்.சி. எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். பொருக்குக் கட்டிய பிறகு போனால் பஞ்சில் வைரஸ் சிக்காமலே போகலாம்.